ஷூ டப்பாவுக்குள் இருக்கிறது உங்கள் கட்டுரை

கேள்வி: நான் மிச்சிகன் மாநிலம் நோவையில் இருக்கிறேன். வாகனத் துறையில்தான் வேலை. 2017-இல், 1965-ஆம் வருட போன்டியாக் ஜிடிஓ ஹார்ட்டாப் ஒன்றைத் தரைத்தகடு முழுக்கத் துரு அரித்த நிலையில் வாங்கினேன். ஏழு குளிர்காலம் கராஜிலேயே கிடந்து சரிசெய்தேன். பெயின்ட் மட்டும் வெளியே கொடுத்தேன். இப்போது அடர்நீலத்தில் பளபளவென்று நிற்கிறது. ஒரு மஸில் கார் (பெரிய இன்ஜின் போட்ட அந்தக் காலத்து அமெரிக்க வேகக் கார்) இதழுக்கு 140 படங்களும் நான்கு பக்கக் கடிதமும் அனுப்பி ஐந்து மாதம் ஆயிற்று, பதில் இல்லை. (கடித நகல் இணைத்துள்ளேன்.) நடுவில், வேறொரு இதழிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஒருவர் ஃபோன் செய்தார். ஆறு பக்கம் போட 1,200 டாலர் கேட்கிறார். கொடுக்கலாமா?

இன்னொரு தயக்கம். காரில் இருப்பது ஒரிஜினல் 389 (கன அங்குலக் கொள்ளளவு) இன்ஜின் இல்லை; 1971-இல் முந்தைய உரிமையாளர் போட்ட 400. "வெளியே பார்த்தால் வித்தியாசமே தெரியாது, நீயாக ஏன் சொல்கிறாய்?" என்கிறார் கிளப் நண்பர். என்ன செய்யட்டும்?

பி.கு.: முந்தைய உரிமையாளரின் மனைவி காரோடு ஒரு ஷூ டப்பாவும் கொடுத்தார். இன்ஜின் மாற்றிய ரசீது, சில கறுப்பு வெள்ளைப் படங்கள், உடைந்த பிஸ்டன் ஒன்று. இதெல்லாம் பத்திரிகைக்குத் தேவைப்படுமா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நான்கு பக்கக் கடிதத்தைப் படித்தபோதே ஆசிரியர் ஏன் பதில் போடவில்லை என்று புரிந்துவிட்டது. ஆனால் எனக்கு எழுதிய பின்குறிப்புக்கு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என்ன மெழுகு, எத்தனை கோட் என்பதற்கு முக்கால் பக்கம் கொடுத்திருக்கிறீர்கள். பிஸ்டனைப் பற்றி அந்த நான்கு பக்கத்தில் ஒரு வார்த்தை இல்லை!

பதினாறு வருடமாக மஸில் கார்களைப் படமெடுத்தும் எழுதியும் பிழைக்கிறவன் நான். ஆசிரியரின் மேசைக்கு வருகிற எல்லாக் கார்களும் பளபளப்பாகத்தான் இருக்கும். பளபளக்காத காரை யாரும் அனுப்புவதில்லையே. 1965 ஜிடிஓ என்பது அபூர்வமான வண்டியும் இல்லை. அந்த ஒரு வருடத்திலேயே 75,352 விற்றது. அதனால் "எவ்வளவு அழகு!" என்று ஆசிரியர் ஒருநாளும் கேட்கப்போவதில்லை. இந்தக் காருக்கு மட்டும் என்ன நடந்தது என்பதுதான் அவருக்கு வேண்டும். அது உங்களிடம் இருக்கிறது. ஷூ டப்பாவில் போட்டு மூடி வைத்திருக்கிறீர்கள்.

இடமும் முன்பைவிடக் குறைந்துவிட்டது. 2019 டிசம்பரில் ஒரே நிறுவனம் கார் கிராஃப்ட், மஸில் கார் ரிவ்யூ, சூப்பர் ஷெவி உட்பட 19 அச்சு இதழ்களை ஒரே அடியாக மூடியது. 1948-இல் தொடங்கிய ஹாட் ராட் போன்ற இரண்டு மூன்றுதான் தப்பித்தன. எஞ்சிய இதழ்களில் ஆளும் குறைவு, பக்கமும் குறைவு. 140 படங்களைத் திறந்து பார்க்க அங்கே யாருக்கும் நேரமில்லை. உங்களை அவர்கள் அவமதித்ததாக நினைக்க வேண்டாம். பெரும்பாலும் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

சரி, இன்ஜின் விஷயத்துக்கு வருவோம். உங்கள் கிளப் நண்பர் சொல்வதில் பாதி உண்மை. போன்டியாக்கின் 389, 400, 421 எல்லாவற்றுக்கும் வெளி அளவு ஒன்றுதான். வெளிர்நீல பெயின்ட் அடித்து, குரோம் வால்வ் கவரை மாட்டிவிட்டால் பத்தடி தள்ளி நிற்பவருக்குத் தெரியாது. இதே சங்கதியை வைத்துத்தான் ஜிடிஓவின் முதல் பத்திரிகைப் புகழே வந்தது என்பது உங்கள் நண்பருக்குத் தெரியுமோ என்னவோ.

1964-இல் நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் போடக் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் தலைமை ஒரு வரம்பு வைத்திருந்தது. அதன் பிரிவான போன்டியாக்கில் பொறியாளர் ஜான் டிலோரியன் குழுவினர், டெம்பஸ்ட் லெமான்ஸ் என்ற நடுத்தர அளவுக் காருக்கு 389-ஐ ஒரு 'ஆப்ஷன்' என்று சொல்லி உள்ளே நுழைத்துவிட்டார்கள். அப்படிப் பிறந்ததுதான் ஜிடிஓ. அந்த வருட மார்ச் மாத கார் அண்ட் டிரைவர் இதழ், அட்டையில் போன்டியாக் ஜிடிஓவையும் ஃபெராரி ஜிடிஓவையும் ஓவியமாகப் போட்டு மோதவிட்டது. பக்கத்தில் வைத்து ஓட்டிப் பார்க்க ஃபெராரி கிடைக்கவே இல்லை என்பது தனிக் கூத்து. சோதனைக்கு வந்த போன்டியாக் 60 மைல் வேகத்தை 4.6 விநாடியில் தொட்டதாக அச்சாயிற்று. நாடே அசந்துபோனது. அந்தக் காருக்குள் இருந்தது 389 இல்லை, 421 என்று, கம்பெனிக்காக விளம்பர வேலை பார்த்த ஜிம் வாங்கர்ஸ் பல பத்தாண்டுகள் கழித்து அவரே ஒப்புக்கொண்டார்.

அன்றைக்குப் பத்திரிகைக்காரர்களிடம் அது செல்லுபடியானது. இன்றைக்குச் செல்லாது. போன்டியாக் பைத்தியம் பிடித்த வாசகர் ஒருவர் படத்தை உருப்பெருக்கி வைத்துப் பார்ப்பார். சிலிண்டர் ஹெட்டின் நடுவில், எக்ஸாஸ்ட் வாய்க்கு மேலே, வார்ப்பு எண் இருக்கும். 1965 ஜிடிஓ என்றால் அங்கே 77 இருக்க வேண்டும். இன்ஜின் பிளாக்கின் பின்பக்கம், டிஸ்ட்ரிபியூட்டருக்கு அருகே வார்த்த தேதி இருக்கும்: மாதத்துக்கு ஓர் எழுத்து, பிறகு நாள், கடைசியில் வருடத்தின் கடைசி இலக்கம். உங்கள் 400-இல் அது 5 என்று முடியாது. 400 இன்ஜினே 1967 மாடலில்தான் வந்தது.

நானே பட்ட அடி ஒன்றைச் சொல்கிறேன். வேலைக்கு வந்த புதிதில் ஷெவர்லேயின் ஷெவெல் எஸ்எஸ் 396 என்ற மஸில் கார் ஒன்றைப் பற்றி எழுதினேன். "காரோடு பிறந்த இன்ஜின்" என்று உரிமையாளர் சொன்னார், நானும் அப்படியே எழுதினேன். இன்ஜின் எண் பதித்த பட்டையை நெருக்கத்தில் எடுத்த என் படம் ஒன்றும் கால் பக்க அளவில் வெளிவந்தது. தொழிற்சாலையில் அந்தப் பட்டையைச் சீவும்போது மெல்லிய நேர்கோடுகள் விழும். என் படத்தில் கோடுகள் இல்லை, பட்டறைச் சக்கரத்தில் தேய்த்த தடம்தான் இருந்தது. பழைய எண்ணை அழித்துப் புது எண் அடித்திருக்கிறார்கள். அதைக் கண்டுபிடித்தவர் ஒஹையோவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற மெக்கானிக். கையால் எழுதிய கடிதம் அனுப்பினார். இரண்டு இதழ் கழித்துத் திருத்தம் போட்டோம். உரிமையாளர் அதற்கப்புறம் என் ஃபோனை எடுக்கவில்லை. அவருக்கே தெரியாமல் யாரோ அவர் தலையில் கட்டிய காராகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் அச்சில் மாட்டிக்கொண்டது அவர் கார்தான்.

ஆகவே, சொல்லிவிடுங்கள். சொல்வதென்றால் கடைசியில் தயங்கித் தயங்கி இல்லை, முதல் வரியிலேயே. "1971-இல் இந்த ஜிடிஓவின் 389 வெடித்தது. உடைந்த பிஸ்டன் என் மேசையில் இருக்கிறது." இதைப் படித்துவிட்டு எந்த ஆசிரியர் அடுத்த வரிக்குப் போகாமல் இருப்பார்?

இந்த வகைக் கார்களுக்கு இங்கே ஒரு பெயரே உண்டு: 'டே டூ'. ஷோரூமிலிருந்து ஓட்டிவந்த மறுநாளே பையன்கள் சக்கரத்தை மாற்றி, எக்ஸாஸ்டை மாற்றி, கையில் காசு சேரச் சேர இன்ஜினையும் மாற்றி ஓட்டினார்களே, அந்தக் காலத்துக் கைவேலையை அப்படியே காப்பாற்றி வைத்த கார். பத்து வருடத்துக்கு முன்னால் இதை மட்டமாகப் பார்த்தவர்கள்கூட இப்போது தேடிப் போகிறார்கள். சிகாகோ பக்கத்து ரோஸ்மான்டில் நவம்பர் தோறும் நடக்கிற மஸில் கார் அண்ட் கார்வெட் நேஷனல்ஸ் கண்காட்சிக்கு ஒருமுறை போய்வாருங்கள், புரியும். உங்களிடம் ரசீது இருக்கிறது, படம் இருக்கிறது, பிஸ்டன் இருக்கிறது. 400-ஐ மறைத்தால் உங்கள் கார் குறையுள்ள ஒரிஜினல். சொன்னால் அது சான்றோடு நிற்கும் டே டூ.

ஒன்றை மட்டும் இப்போதே செய்து வையுங்கள். இந்தக் கார் பிறக்கும்போதே ஜிடிஓதான் என்பதற்குச் சான்று வேண்டும். 1964, 65 மாடல்களில் ஜிடிஓ வெறும் ஆப்ஷன் என்பதால் சேசிஸ் எண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. உங்கள் ஹார்ட்டாப்பின் எண் 23737 என்று தொடங்கும், சாதா லெமான்ஸ் ஹார்ட்டாப்பின் எண்ணும் அப்படியேதான். 1966-இல்தான் ஜிடிஓவுக்கென்று தனியாக 242 வந்தது. அதனால் 65-இல் லெமான்ஸை ஜிடிஓவாக மாற்றி விற்பது ஒரு தொழிலாகவே நடந்திருக்கிறது. போன்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்ற நிறுவனத்துக்கு எழுதினால் தொழிற்சாலை பில்லின் நகலை அனுப்புவார்கள். எந்த ஆப்ஷன், என்ன நிறம், எந்த டீலருக்குப் போனது எல்லாம் அதில் இருக்கும். இன்ஜின் மாறிய காருக்கு இந்தத் தாள் இரண்டு மடங்கு முக்கியம். ஆசிரியர் கேட்கிற முதல் கேள்வியும் இதுதான்.

1,200 டாலர் கேட்டவரை மறந்துவிடுங்கள். காரைப் பற்றிக் கட்டுரை போட எந்த நல்ல இதழும் உரிமையாளரிடம் காசு வாங்காது, காசு கொடுக்கவும் செய்யாது. காசு வாங்கிக்கொண்டு போட்டால் அதற்குப் பெயர் விளம்பரம். மறுபடி ஃபோன் வந்தால், இதழின் பெயரைக் கேட்டு, கடைக்குப் போய் ஒரு பிரதி வாங்கிப் பார்த்துவிட்டுப் பேசுகிறேன் என்று சொல்லுங்கள். அநேகமாக அத்தோடு விட்டுவிடுவார்.

எங்கே அனுப்புவது என்று கேட்டால், நானாக இருந்தால் முதலில் கிளப் இதழுக்கு அனுப்புவேன். ஜிடிஓ அசோசியேஷன் ஆஃப் அமெரிக்காவுக்கு தி லெஜண்ட் என்று சொந்தமாக இதழ் இருக்கிறது. போன்டியாக்-ஓக்லண்ட் கிளப் ஸ்மோக் சிக்னல்ஸ் நடத்துகிறது. படிப்பவர் குறைவுதான். ஆனால் படிப்பவர் எல்லாம் விஷயம் தெரிந்தவர்கள். தவறு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும், பெரிய இதழில் மானம் போகாது. கிளப் இதழில் வந்ததைப் பார்த்துவிட்டுப் பெரிய இதழ்க்காரர்கள் கூப்பிடுவதும் நடக்கிறது. அதே சமயம், சில பெரிய இதழ்கள் வேறெங்கும் வராத காரைத்தான் கேட்பார்கள். உங்களுக்கு ஆசை எதில் அதிகமோ அதை முதலில் முடிவு செய்யுங்கள். இரண்டு பெரிய இதழ்களுக்கு ஒரே நேரத்தில் மட்டும் அனுப்பாதீர்கள். இந்த உலகம் சின்னது, ஆசிரியர்கள் ஒருவரோடு ஒருவர் டீ குடிக்கிறவர்கள்.

கடிதம் 200 வார்த்தை போதும். பிஸ்டன், 1971, முந்தைய உரிமையாளர், துரு, ஏழு குளிர்காலம், இன்றைக்குக் காரில் என்ன இருக்கிறது. அவ்வளவுதான். மெழுகு வேண்டாம். "இந்தியாவிலிருந்து வந்த பொறியாளர் அமெரிக்க மஸில் காரைக் காப்பாற்றினார்" என்று தலைப்பில் தொடங்கியிருந்தீர்கள். என் கருத்தில் அதையும் எடுத்துவிடலாம். உங்கள் பெயரைப் பார்த்தாலே ஆசிரியருக்குத் தெரியும். பேட்டியில் தானாக வரட்டும், அப்போது நன்றாக இருக்கும். முன்னால் தூக்கிப் பிடித்தால் கார் பின்னால் போய்விடும். வெல்டிங்கின்போது உங்கள் மகள் டார்ச் பிடித்ததாக மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி வருகிறதே, அதைக் கட்டாயம் வையுங்கள்.

கூடவே எட்டுப் படம். ஃபோனில் எடுத்தது போதும், அச்சுக்கு வேண்டியதை அவர்களே ஆள் அனுப்பி எடுப்பார்கள். முன்பக்க முக்கால் கோணம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, இன்ஜின், டேஷ்போர்டு, துரு அரித்த தரைத்தகடு இருந்த நாளில் எடுத்தது, டிங்கரிங் வேலை நடக்கும்போது எடுத்தது, ரசீதும் பழைய கறுப்பு வெள்ளைப் படமும் சேர்ந்து ஒன்று, அப்புறம் பிஸ்டன். பில் நகலில் சேசிஸ் எண்ணின் கடைசி இலக்கங்களை மறைத்துவிட்டு அனுப்புங்கள். மஞ்சள் வெயில் சாய்ந்து விழும் காலையிலோ மாலையிலோ எடுங்கள், உச்சி வெயிலில் குரோம் கண்ணைக் குத்தும். நீங்கள் அனுப்பிய 140-இல் முக்கால்வாசி புல்தரையில் நிற்கிறது. கார் ஓடுவது ரோட்டில். புல்லில் டயர் பாதி புதைந்து, கார் படுத்துக் கிடப்பது போலத் தெரிகிறது. இன்னொன்றில் தெருவிளக்குக் கம்பம் கூரையிலிருந்து கொம்பு முளைத்தாற்போல் நிற்கிறது. இரண்டடி தள்ளி நின்றிருந்தால் போதும்.

அனுப்பிவிட்டு ஒரு மாதம் பேசாமல் இருங்கள். பதில் இல்லையென்றால் இரண்டே வரியில் ஒரு நினைவூட்டல். அதற்கும் இல்லையென்றால் அடுத்த இதழ்.

ஒப்புக்கொண்டு படம் எடுக்க வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். என் தொழில் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். காரை முந்தைய நாளே கழுவுங்கள், அன்று காலையில் வேண்டாம். 65 ஜிடிஓவில் ஹெட்லைட் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கிறதல்லவா, அந்த வளையத்துக்குள்ளும் பம்பர் இடுக்கிலும் தண்ணீர் தேங்கும். எல்லாம் துடைத்தாயிற்று என்று கேமராவைத் தூக்கும்போதுதான் ஒரு சொட்டு மெதுவாக இறங்கி, அடர்நீல பெயின்ட்டில் கோடு போடும். எத்தனை காலைகளை இந்தச் சொட்டுக்குப் பறிகொடுத்திருக்கிறேன் தெரியுமா! டயருக்குக் கறுப்பு எண்ணெய் பூசுகிறேன் என்று போட்டுத் தொலைக்காதீர்கள். ஓடும்போது எடுக்கையில் அது பக்கத் தகடெங்கும் தெறிக்கும். உங்கள் டயரின் சிவப்புக் கோட்டை மட்டும் சுத்தம் செய்யுங்கள், அது அந்தக் காலத்து அடையாளம்.

அடர்நீலம் கண்ணாடி மாதிரி. சுற்றி நிற்கிற எல்லோரும் கதவில் தெரிவார்கள். கறுப்பு அல்லது சாம்பல் நிறச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். வேடிக்கை பார்க்க வருகிற நண்பர்களிடமும் சொல்லிவையுங்கள், ஒரு சிவப்பு டீ-ஷர்ட் போதும் மொத்தப் படத்தையும் கெடுக்க. ஜன்னல் நான்கையும் இறக்கிவிடுங்கள். நடுத்தூண் இல்லாத ஹார்ட்டாப்பின் அழகே அந்தத் திறப்புதான். பாதி ஏற்றிய கண்ணாடி அசிங்கமாகத் தெரியும். முன்சக்கரத்தைத் திருப்பினால் சக்கரத்தின் முகம் கேமராவைப் பார்க்க வேண்டும், டயரின் பட்டன் இல்லை. ரியர்வ்யூ கண்ணாடியில் தொங்குகிற வாசனை அட்டை, கராஜ் ரிமோட், குழந்தையின் ஹேர்பேண்ட் எல்லாம் வெளியே. நம்பர் பிளேட்டைக் கழற்றி வையுங்கள். வீட்டு வாசலில் வைத்து எடுக்கச் சம்மதிக்காதீர்கள். வீடு எங்கே, கார் எங்கே என்று ஊருக்கெல்லாம் சொல்லத் தேவையில்லை. அச்சேறுவதற்கு முன்னால் இன்ஷூரன்ஸில் பேசி, ஒப்புக்கொண்ட மதிப்பு என்ன என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இடத்துக்கு நீங்கள் அலைய வேண்டாம். உங்கள் சேசிஸ் எண்ணில் வருடத்தைக் குறிக்கிற 5-க்கு அடுத்த எழுத்து பி என்றால் அந்தக் கார் போன்டியாக் நகரத் தொழிற்சாலையில் பிறந்தது. உங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரம். டெட்ராய்டிலிருந்து வருகிற வுட்வர்ட் அவென்யூ அங்கேதான் போய் முடிகிறது. ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை டிரீம் க்ரூஸ் என்ற பழைய கார் ஊர்வலம் நடக்கும்போது அங்கே படம் எடுக்கலாம் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். அன்றைக்கு அங்கே கார் நகராது, பின்னணியில் ஐஸ்க்ரீம் கூடாரம்தான் விழும். ஒரு ஞாயிறு விடியற்காலை, ஆள் இல்லாத வுட்வர்ட் போதும்.

அப்புறம் காத்திருக்க வேண்டும். படம் எடுத்ததற்கும் அச்சுக்கும் நடுவில் பல மாதம் போகும். அதுவரை அந்தப் படங்களை எங்கேயும் போடாதீர்கள். பேட்டிக்கு ஃபோன் வரும். செலவு எவ்வளவு என்று கேட்டால் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. எங்கே சொதப்பினீர்கள் என்று கேட்டால் தாராளமாகச் சொல்லுங்கள், வாசகர் விரும்பிப் படிப்பது அதைத்தான். பெயின்ட் வேலை செய்த பட்டறைக்காரர் பெயரை எழுத்துப் பிழையில்லாமல் கொடுங்கள். முந்தைய உரிமையாளரின் மனைவிக்கு இப்போதே ஒரு ஃபோன் போட்டு, அவருடைய படத்தையும் பெயரையும் போடச் சம்மதமா என்று கேளுங்கள். பேச்சுவாக்கில் அந்த 389 எந்த ரோட்டில், எந்த ராத்திரி வெடித்தது என்றும் கேட்டுவையுங்கள். அவர் பக்கத்து சீட்டில் இருந்திருக்கவும் வாய்ப்புண்டு.

பிஸ்டனை மட்டும் பாலிஷ் போட்டுவிடாதீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு அந்தப் பயம்தான். கரி பிடித்தது பிடித்தபடி இருக்கட்டும்.